அவர் சாப்பிடும் அளவு

என் கணவருடைய கண்ணைக் காப்பாற்றுவதற்காக நான் பட்டினி கிடந்தேன். அவருடைய கண்ணுக்கும் என்னுடைய வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் இப்போது அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் யாராவது வந்து கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கதை சொல்லி அனுப்பியிருப்பேன்.

அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து கனகாலம். துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டுகிறவர். வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. வருடந்தோறும் கண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் அந்த வேலையில் வைத்திருப்பார்கள். ஒருமுறை அந்தச் சோதனை முடிந்ததும் கண் டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

“கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசியத் தொடங்கியிருக்கு. லேசர் பிடிக்கலாம். ஆனா சீனி இறங்காட்டி லேசர் பிடிச்சும் பிரயோசனமில்லை. கடைசியில ரெண்டு கண்ணும் போயிடும்,” என்றார் டொக்டர். என் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று பின்னேரம் என் கணவர் குசினிக்குள் கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தார். குசினிப் பக்கமே வராத மனுசன். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “எனக்கு இருட்டு எண்டால் பயம்,” என்றார். இத்தனை வருடக் கலியாணத்தில் அவர் எதற்கும் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாடைக்காற்றில் கடல் கிளம்பி நிற்கும்போதும் லோஞ்சை எடுத்துக்கொண்டு போகிறவர். “நீங்கள் பயப்படாதேங்கோ, நான் இருக்கிறன்,” என்றேன். அதை நான் வாய்க்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன்.

அது தவக்காலம். எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை விட்டிருந்தார்கள். இறைச்சியை விட்டவர்கள், சிகரெட்டை விட்டவர்கள், பின்னேர நாடகத்தை விட்டவர்களும் உண்டு. நான் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒரு நேர்த்தி வைத்தேன். அவருடைய கண்ணைக் காப்பாற்றித் தாரும் தாயே, அவர் என்ன சாப்பிடுகிறாரோ அதையே நானும் சாப்பிடுவேன், அவர் சாப்பிடும் அளவுக்கு மேல் ஒரு பிடியும் என் வாயில் வைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். உயிர்த்த ஞாயிறு வந்து போனது. மற்றவர்கள் இறைச்சிக்குத் திரும்பினார்கள், சிகரெட்டுக்குத் திரும்பினார்கள். என் நேர்த்தி கண் சுகமாகும்வரைக்கும் என்பதால் நான் திரும்பவில்லை.

இந்த இடத்தில் அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதியின் சீதன வீட்டுக்கு வந்துவிடுவான். இவரும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தவர். அவர் பிறந்து வளர்ந்த வீடு அவருடைய அக்காவுக்குப் போனது. சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், துறைமுகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில், அந்த வீடு இருக்கிறது. பிறந்த வீட்டு வாசலால் போகிற ஆண்பிள்ளை உள்ளே போய் ஒரு வாய் சாப்பிடாமல் போனால் அது அந்த வீட்டுக்கு மரியாதைக் குறைவு. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் நானே போய் அந்த அக்காவுக்கு, என் மச்சாளுக்கு, விளங்கப்படுத்தினேன். மா, சீனி, தேங்காய்ப்பால், வெள்ளைச் சோறு ஒன்றும் குடுக்காதேங்கோ, கண் போயிடும் என்று சொன்னேன். “எனக்குத் தெரியாதோ பிள்ளை, என்ர தம்பியின்ர கண்ணல்லோ,” என்று மச்சாள் கண் கலங்கினார். நான் நம்பினேன்.

வெள்ளைப் பச்சையரிசி எங்கள் வீட்டுக்குள் வருவது நின்றது. சீனிப் போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கடுகு போட்டேன். காலையில் குரக்கன் பிட்டு. மத்தியானத்துக்குச் சிவப்பரிசிச் சோறும் பாவற்காயும் முருங்கையிலை வறையும் ஒரு துண்டு மீனும் அவருக்கு ஒரு பெட்டியில், எனக்கு ஒரு பெட்டியில். நான் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரங்கள் ரைப் பண்ணுகிற வேலை பார்க்கிறேன். என் பெட்டியை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிடுவேன். இரவுச் சாப்பாடு மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதால் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் கிழமைகளிலேயே நான் கண்டுகொண்டேன், மனுசனுக்கு என்ன கட்டுப்பாடு. பின்னேரம் சாப்பாட்டுப் பெட்டி பாதியோடு திரும்பி வரும். “பாதிதான் சாப்பிட்டனான். அதுவே காணும்,” என்பார். இரவிலும் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு அகப்பை போட்டால் ஒரு அகப்பையை எடுத்துத் திரும்பச் சட்டிக்குள் போடுவார். என் கண் கலங்கும். எப்படி இருந்த மனுசன், ஒரு முழுப் பாரை மீனைத் தனியச் சாப்பிடக்கூடிய மனுசன், கண்ணுக்காக இப்படி வாயைக் கட்டுகிறாரே என்று. அவர் ஒரு அகப்பை சாப்பிட்டால் நானும் ஒரு அகப்பைதான். மறுநாள் என் பெட்டியிலும் பாதிதான் கொண்டுபோவேன். நேர்த்தி நேர்த்திதான்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. உடம்பு லேசாகி, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்று, பழைய சாரி பிளவுஸ்கள் திரும்ப அளவாகின. பூசை முடிந்து வெளியே வந்தால் “நல்லா மெலிஞ்சிட்டீங்கள், என்ன செய்யிறனீங்கள்” என்று கேட்பார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். பிறகுதான் அது வேறு பக்கமாகப் போனது. வெயில் கொளுத்துகிற நேரத்திலும் எனக்குக் குளிர்ந்தது. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இழுத்துவிட்டு மதிலில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறக்க ஏலாமல் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். தொடையும் கையும்தான் வற்றின. இருக்கிற கொஞ்ச ஊளைச்சதை வயிற்றில் அப்படியே இருந்தது. சாப்பாடு குறைந்தால் கொழுப்புத்தான் கரையும் என்று நான் நினைத்திருந்தேன். உடம்பு அப்படி நியாயம் பார்ப்பதில்லை என்று பிறகு ஒரு நேர்ஸ் எனக்குச் சொன்னார். போதிய அளவு மீனும் பருப்பும் போகாவிட்டால் அது தசையையும் எடுத்துத் தின்னும் என்றார்.

உடம்பை விட மோசம் தலை. எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. பூசையில் குருவானவர் பிரசங்கம் வைக்கும்போது எனக்கு மனதில் றோல்ஸ் கடை. யார் என்ன கதைத்தாலும் எரிந்து விழுந்தேன். இரவில் பசியில் நித்திரை வராது. பக்கத்தில் அவர் நல்லாகக் குறட்டை விடுவார். மனதில் பாரம் இல்லாத மனுசன் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மறதி வந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். ஒரு உறுதியில் வடக்கு எல்லையைத் தெற்கிலும் தெற்கு எல்லையை வடக்கிலும் ரைப் பண்ணி, அது கையெழுத்து வைக்கிற மேசை வரைக்கும் போய்விட்டது. நொத்தாரிசு ஐயா நல்ல மனுசன். ஏசவில்லை. “என்னம்மா, வீட்டில ஏதும் பிரச்சினையோ?” என்றுதான் கேட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு அழுதேன். என் தாய்க்கும் கடைசிக் காலத்தில் ஆளைத் தெரியாமல் போனது. எனக்கும் அதுதான் தொடங்கிவிட்டது என்று பயம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வயசு போகுது. எல்லாருக்கும் வாறதுதானே. நான் இருக்கிறன், பயப்படாத,” என்றார். நான் அவருக்குச் சொன்ன சொல்லை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார் என்று உருகிப்போனேன். பசியில் இருக்கிறவளுக்கு உருகுவதற்கு அதிகம் தேவையில்லை.

இத்தனைக்கும் அவருடைய சீனி இறங்கியதா? அங்கேதான் விஷயம். சீனி கிளினிக் நாள் கிட்ட வந்தால் அங்கே வருகிற எல்லாருமே முனிவர்கள்தான். அதுவரைக்கும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்ட வட்டிலாப்பம் தின்றவர்கள் கடைசிச் சில நாட்களுக்குப் பாவற்காய்ச் சாறு குடிப்பார்கள், வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் செய்முறையும் சொல்லிக்கொள்வார்கள். இவருக்கு மட்டும் நேர்மாறு. கிளினிக்குக்கு முந்தின நாட்களில் வீட்டில் நல்ல பசி வரும். சாப்பாட்டுப் பெட்டி காலியாகத் திரும்பும். இரவில் “இன்னும் கொஞ்சம் போடு” என்பார். அவர் கேட்டால் எனக்கும் உண்டுதானே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவருடைய கிளினிக் நாளுக்காக நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஏன் அந்த நாட்களில் மட்டும் பசி வருகிறது என்று என் மரமண்டைக்கு ஒருதரம்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தால் சீனி பரவாயில்லாமல் இருக்கும். “நான் கெட்டிக்காரன்தானே,” என்று அவர் சிரிப்பார். பிறகு கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர் மூன்று மாதச் சீனி பார்க்கிற சோதனைக்கு எழுதினார். என் மகள் வயதுப் பெண். அந்தச் சோதனையை ஏமாற்ற ஏலாது. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று அது கேட்பதில்லை, இத்தனை காலமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும். பதில் வந்தபோது டொக்டர் அதை மேசையில் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

“சமைக்கிறது நீங்கள்தானே அம்மா? என்ன குடுக்கிறீங்கள் இவருக்கு?”

நான் சொன்னேன். குரக்கன், சிவப்பரிசி, பாவற்காய். சொல்லும்போதே எனக்கே பொய் போல இருந்தது. என் கணவர் பக்கத்தில் ஒன்றும் தெரியாத பாப்பா போல இருந்தார். அவர் நாளும் போடுகிற இன்சுலின் ஊசியின் அளவை டொக்டர் கூட்டினார். “சோத்தின்ர அளவைக் குறையுங்கோ அம்மா, கூடப் போடாதேங்கோ,” என்றார். வீட்டுக்கு வந்து அன்று இரவு நான் சாப்பிடவே இல்லை.

மருந்து கூடியது. அடுத்த கிளினிக் வந்தது. அதற்கு முந்தின நாட்களில் வழக்கம்போலப் பெட்டி காலியாகத் திரும்பியது. கிளினிக் அன்று விடிய அவர் சட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கை நுழைக்க இடம் தேடிக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் வேர்வை. “லோஞ்ச் எங்க, லோஞ்சை யார் எடுத்தது” என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். சீனி விழுந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. வீட்டில் சீனி இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு கப் வாங்கி வந்து கரைத்துப் பருக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஆள் சரியாகி, என்ன நடந்தது என்று என்னிடமே கேட்டார். மூளைக்குச் சீனி போகாவிட்டால் எப்படிப்பட்ட மனுசனும் அப்படித்தான் ஆவான்.

கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டருக்கு நெற்றி சுருங்கியது. மூன்று மாதச் சீனி அந்த உயரத்தில் இருக்கிற ஆளுக்கு எப்படிச் சீனி விழுந்தது? “அம்மா, கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி போட்டுக் கூட்டிவாறீங்களோ?” என்று கேட்டார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் நிலத்தைப் பார்த்தேன். அவரும் நிலத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு வந்த ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டதால் நொத்தாரிசு ஐயா எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார். சந்தையடி வரும்போது எனக்குக் கண் இருண்டு தலை சுற்றியது. வீடுவரைக்கும் நடக்க ஏலாது என்று தெரிந்தது. மச்சாள் வீடு பக்கத்தில்தானே, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

முற்றத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மச்சாள் பின்பக்கத்தில் கோழிகளுக்கு ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன். கையில் இருந்தது நான் காலையில் கட்டிக் கொடுத்த பெட்டி. என் சிவப்பரிசிச் சோற்றைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. பாவற்காயை மட்டும் அவைகளும் தொடவில்லை.

உள்ளே போனேன். அவர் மேசையில் இருந்தார். முன்னால் பெரிய கோப்பை நிறைய வெள்ளைச் சோறு. பாரைமீன் பொரியல், கணவாய்க் கறி, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, அப்பளம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வட்டிலாப்பம். ஒரு நாள் விருந்து இப்படி இருக்காது. நாளாந்தம் வந்து இருக்கிற ஆளுக்குத்தான் கதிரை இப்படிச் சரியான இடத்தில் இருக்கும், தண்ணீர்க் கிளாஸ் கைக்கு எட்டுகிற பக்கத்தில் இருக்கும். என்னைக் கண்டதும் அவருடைய கை சோற்றுக்குள்ளேயே நின்றது.

“சும்மா… இண்டைக்கு வந்தனான்,” என்றார்.

பின்னால் வந்த மச்சாள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். “என்ன பிள்ளை, வெளிறிப்போய் நிக்கிறாய்? இரு, இரு,” என்று என்னை இன்னொரு கதிரையில் இருத்தினார்.

நான் சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன். என்ன கேட்க வேண்டும் என்று நெஞ்சு முட்ட இருந்தது. அதற்குள் மச்சாள் ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு எனக்கு முன்னால் வைத்துவிட்டார். திறந்த வாய்க்குள் சோறுதான் போனது. பிறகு நிற்கவில்லை. கணவாய், பருப்பு, பொரியல். மச்சாள் திரும்பப் போட்டார், திரும்பத் தின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, மூக்கால் ஓடுகிறது, கை மட்டும் நிற்கவில்லை. என் மானம், என் கோபம் எல்லாவற்றையும் விட என் வயிறு பெரிதாக இருந்தது. மூக்கு முட்டத் தின்றேன். அவர் பாதியில் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது, நான் வட்டிலாப்பக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்தேன்.

நேர்த்தி முறிந்துவிட்டதோ என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கே முறிந்தது? அவர் சாப்பிடும் அளவுக்குத்தானே நானும் சாப்பிட்டேன். இத்தனை நாளும் எனக்கு இந்த அளவு உரித்தாக இருந்திருக்கிறது. வயிறு நிறைந்த மனுசனின் மிச்சப் பசியைப் பார்த்து நான் என் முழுப் பசியை அளந்திருக்கிறேன்.

“எவ்வளவு காலம் மச்சாள்?” என்று கேட்டேன்.

“என்ன எவ்வளவு காலம்? தம்பி எண்டைக்குமே வாறவன்தானே. மத்தியானமும் வருவான், பின்னேரம் வேலை முடிஞ்சும் வருவான்.” மச்சாளுக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. என்மேல்தான் அவருக்குக் கோபம் இருந்தது. “நீ குறை நினைக்காத பிள்ளை, ஆனா நீ செய்யிறது சரியில்லை. டொக்டர் சொன்னதெண்டு அவன்ர வயித்தைக் காயப்போடுறாயாம். ஒரு நேரமும் நிறையப் போடுறேல்லையாம். பசியில இரவில நித்திரை வாறேல்லையாம். சீனி எல்லாம் இறங்கி, கண்ணும் சுகமாயிட்டுதாம், அப்பவும் நீ விடுறாயில்லை எண்டு இந்தக் கதிரையில இருந்து அழுதவன்.”

பசியில் நித்திரை வராமல் கிடந்தது நான். குறட்டை விட்டது அவர். என் பசியைக் கொண்டுவந்து தன் பசி என்று காட்டி அவர் அக்காவிடம் சோறு வாங்கித் தின்றிருக்கிறார். பூசை முடிந்து சில பெண்கள் ஏன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள் என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. புருஷனைப் பட்டினி போடுகிறவள் என்று பங்கு முழுக்கக் கதை போயிருக்கிறது.

இரவு அவர் நேரம் கழித்து வந்தார். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார். எனக்குக் கத்த வரவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டேன்.

“பசிச்சுது.”

“எனக்கும்தானே பசிச்சது.”

“உன்னை யார் பட்டினி கிடக்கச் சொன்னது? நேர்த்தி வைச்சது நீ.”

அந்தச் சொல் இன்னும் என் வயிற்றை எரிக்கிறது. அவர் சொன்னது பொய் இல்லை என்பதால்தான் எரிகிறது. நான் மெலிந்துகொண்டே போனதை அவர் தினம் தினம் பார்த்தார். ஒரு அகப்பைச் சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் போடும்போது என் அகப்பையையும் சேர்த்துத்தான் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள், ஒரேயொரு நாள், “நீ சாப்பிடு” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று நான் கேட்பேன். அதற்காக என்னைக் காயவிட்டார்.

நான் அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். டொக்டரிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கோ. அவ உங்கட சாப்பாட்டைப் பார்த்துத்தான் ஊசியின்ர அளவைக் கூட்டிறா. தெரியாமல் கூட்டினால் ஒரு நாள் லோஞ்சில வைச்சுச் சீனி விழும். தெரிஞ்சால்தான் கண்ணைக் காப்பாற்றலாம். “சொல்லுறன், ஆண்டவர் ஆணை,” என்றார் அவர். அழுதார். நான் அழவில்லை, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மீன், முட்டை, பருப்பு, ஒன்றையும் விடவில்லை. சில கிழமைகளில் நித்திரை வந்தது. எரிந்து விழுவது குறைந்தது. வடக்கு வடக்கிலும் தெற்கு தெற்கிலும் நின்றன. ரைப் பண்ணும்போது சொற்கள் தேடாமல் தாமாக வந்தன. என் தாயின் வருத்தம் எனக்கு வரவில்லை, சோறு இல்லாததுதான் என் வருத்தம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அவரிடமும் சொன்னேன். “பாத்தியே, நான் சொன்னனான்தானே, ஒண்டுமில்லை எண்டு,” என்றார்.

கிளினிக் நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் முதலில் கண் டொக்டர். என் கணவருடைய கண்ணுக்கு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இடது கண்ணில் இனிச் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். வலது கண்ணைக் காப்பாற்றப் பாருங்கள், சீனியை இறக்குங்கள் என்றார். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே புகையாகத்தான் தெரியும். அப்படியே சீனி கிளினிக்குக்கு நடந்தோம்.

டொக்டர் புதிய மூன்று மாதச் சோதனையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. வெளியில ஏதும் சாப்பிடுறனீங்களா?”

நான் அவரைப் பார்த்தேன். இதைவிட நல்ல கேள்வி யாரும் கேட்க ஏலாது. பதில் சொல்ல ஒரு வாய் போதும்.

“இல்லை டொக்டர். இவ தாறதைத்தான் சாப்பிடுறன்,” என்றார்.

எனக்குக் காது அடைத்தது. ஆனால் வாய் அடைக்கவில்லை. “டொக்டர், இவர் மத்தியானமும் பின்னேரமும் தமக்கை வீட்டில சாப்பிடுறவர். வெள்ளைச் சோறு, தேங்காய்ப்பால், வட்டிலாப்பம். நான் என்ர கண்ணால கண்டனான். கிளினிக் வாற நேரம் மட்டும் போகமாட்டார், அதாலதான் அண்டைக்குச் சீனி விழுந்தது.”

டொக்டர் அவரைப் பார்த்தார். அவர் கையை நீட்டி, தடவித் தேடி, என் கையைப் பிடித்தார். அன்பாகத்தான் பிடித்தார். “டொக்டர், இவவுக்கு இப்ப ஞாபகம் சரியில்லை,” என்றார். குரல் தழுதழுத்தது. “அடுப்பில பாலை வைச்சுப்போட்டுக் கடைக்குப் போயிடுவா. வேலை செய்யிற இடத்திலயும் எல்லாம் மாறி மாறி எழுதிறாவாம். தாய்க்கும் இந்த வருத்தம்தான். ஒண்டைக் கண்டது எண்டுவா, பிறகு இல்லை எண்டுவா. நான்தான் பாக்கிறன்.”

 இதில் எதை மறுப்பது? பால் வைத்ததும் உண்மை, எல்லை மாறியதும் உண்மை, என் தாயும் உண்மை. இத்தனையும் இரவில் அழுது அழுது நானே அவருக்குச் சொன்னவை. அந்த மறதி எனக்கு எதனால் வந்தது, எப்படிப் போனது என்று அந்த அறையில் என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டொக்டர் என் வற்றின கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கோபம் எல்லாம் போய் அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “அம்மாவையும் ஒருக்கால் காட்டினால் நல்லது ஐயா,” என்று அவரிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு ஊசி மருந்தின் அளவை இன்னும் கூட்டி எழுதினார்.

வெளியே வெயில். அவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தார். “அப்பிடிச் சொல்லாட்டி அவ என்னைப் பற்றி என்ன நினைப்பா?” என்றார். நான் ஒரு ஓட்டோவை மறித்தேன். அவரை ஏற்றி, மருந்துப் பையை மடியில் வைத்தேன். அவர் எனக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தார். நான் ஏறவில்லை. டிரைவரிடம் மச்சாள் வீட்டு ஒழுங்கையைச் சொல்லி, இறக்கி உள்ளே கொண்டுபோய் விடுங்கோ தம்பி, இவருக்குக் கண் தெரியேல்லை என்றேன்.

“நீ வரேல்லையே? வீட்ட போகேல்லையே?” என்று அவர் நான் நிற்காத பக்கத்தைப் பார்த்துக் கேட்டார்.

“வீட்டுக்குத்தான் போறீங்கள்,” என்றேன்.

ஓட்டோ திரும்பிய பிறகு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். “மச்சாள், அவர் அங்க வாறார். இனி அங்கதான் இருப்பார். ஊசியின்ர அளவைக் கூட்டியிருக்கு. சாப்பாடு பிந்தினால் சீனி விழும், உடன சீனித்தண்ணி குடுக்கோணும். சாப்பாடு கூடினால் மிச்சக் கண்ணும் போகும். நீங்கள்தான் பாக்கோணும்.”

“மிச்சக் கண்ணோ? சுகமாயிட்டுது எண்டல்லோ எனக்குச் சொன்னவன்.”

“இடது கண் முடிஞ்சுது மச்சாள். இண்டைக்குத்தான் சொன்னவை.”

  மச்சாளின் குரல் மாறி வந்தது. என்னிடம் ஒரு நாளும் கதைக்காத மாதிரிச் சின்னக் குரல்.

“பிள்ளை, இண்டைக்கு மத்தியானத்துக்கு நான் இவனுக்கு என்னத்தைச் சமைக்கிறது?”

“அவரைக் கேட்டு மட்டும் சமைக்காதேங்கோ,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.